மகஜரின் யோக்கியதை

திங்கட்கிழமைதோறும் ஜில்லா கலெக்டர் ஆபீசு வாசலில் நடக்கிற காட்சியை நம் வாசகர்களில் பார்க்காதவர்கள் அநேகமாய் இருக்கமாட்டார்கள். விடியுமுன் பஸ் ஏறி வந்த கிழவிகளும், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்ட தாய்மார்களும், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த தொழிலாளிகளும் ஆளுக்கொரு கடுதாசியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கிறதா என்று போலீசார் பைகளைத் துழாவிப் பார்த்தே உள்ளே விடுகிறார்கள். குறை சொல்ல வருகிற குடிமகனின் பையில் முதன்முதல் தேடப்படுவது மண்ணெண்ணெய்தான் என்றால், அந்த நாட்டில் மகஜர்களுக்கு ஏற்பட்டிருக்கும் கதி இன்னதென்று நாம் விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை. இந்த மனு வாங்கும் காரியத்துக்குச் சர்க்கார் வைத்திருக்கும் பெயர்களில் ஒன்று "மனு நீதி நாள்" என்பதாகும். மனுவின் நீதி இன்னதென்று நம் மக்களுக்கு நன்றாய்த் தெரியுமாதலால் அந்தப் பெயரைப் பற்றி இங்கு ஒன்றும் சொல்லாமல் விடுகிறோம்.

இதையெல்லாம் பார்த்துவிட்டுச் சில தோழர்கள் "மகஜர் கொடுப்பதெல்லாம் வீண் வேலை, லட்சம் பேர் கையெழுத்துப் போட்டாலும் அது ஆபீசுக் கட்டில் தூங்கப்போகிறதே தவிர வேறென்ன நடக்கும்?" என்று கேட்கிறார்கள். வேறு சில தோழர்களோ, கடுதாசியில் கையெழுத்தைப் போட்டுவிட்டால், அல்லது இக்காலத்து வழக்கப்படி கைப்பேசியில் விரலால் தொட்டுவிட்டால், தங்கள் கடமை தீர்ந்துவிட்டதாகவும், இனி மேலே இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றும் நினைத்துவிடுகிறார்கள். இந்த இரண்டு கூட்டத்தாரும் ஒருவருக்கொருவர் எதிரிகள் போல் தோன்றினாலும், நம் அபிப்பிராயத்தில் இருவரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். உண்டியலில் காசு போட்டுவிட்டு வரம் வரும் என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளுகிறவனும், காசு போட்டும் வரம் வரவில்லையே என்று சாமியைத் திட்டுகிறவனும் ஒரே ரகந்தானே? மகஜர் என்பது வரம் கேட்கும் சாதனம் என்ற எண்ணமே இருவருக்கும் அடிப்படையாய் இருக்கிறது.

நம்மவர்கள் எழுதுகிற மனுக்களின் பாஷையைப் பாருங்கள். "மேன்மை தங்கிய கலெக்டர் அவர்கள் சமூகத்துக்கு, ஏழை எளியவர்களாகிய நாங்கள் மிகவும் பணிவுடன் கெஞ்சிக் கேட்டுக்கொள்ளும் விண்ணப்பம். தங்கள் கருணைக்கண் திறந்து..." என்று ஆரம்பிக்கிறது. இதில் ஊரின் பெயரை எடுத்துவிட்டுக் கோயிலின் பெயரை வைத்தால் ஒரு பதிகமாகவே ஆகிவிடும். குடிக்கத் தண்ணீர் கேட்பதற்குக் கருணைக்கண் எதற்கு? அந்தத் தண்ணீருக்கு வரி கொடுத்தவன் யார்? அந்த அதிகாரிக்குச் சம்பளம் கொடுக்கிறவன் யார்? கொடுத்தவனே கும்பிட்டு நிற்பதும், வாங்கினவன் கருணை செய்வதும் என்ன நியாயம் என்று கேட்கிறோம்.

நிற்க, மகஜர் என்பது இப்படித்தான் இருந்தாக வேண்டுமா? வேறு விதமாய் இருந்ததுண்டா? அதனால் ஏதேனும் காரியம் நடந்ததுண்டா? இக்கேள்விகளுக்கு வெறும் வாதத்தால் பதில் சொல்லாமல், உலகத்தில் நடந்த ஒரு சங்கதியை எடுத்துச் சொல்ல விரும்புகிறோம். ராஜாக்களோ மந்திரிகளோ ஆரம்பித்த காரியமல்ல அது. மீன் விற்கிறவர்களும், சமையல் செய்கிற பெண்களும் ஆரம்பித்ததாகும்.

1954-ம் வருஷம் மார்ச்சு மாதம் 1-ந் தேதி, பசிபிக் சமுத்திரத்தில் மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த பிக்கினி என்ற இடத்தில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துப் பார்த்தது. அதன் சக்தி ஹிரோஷிமாவில் போட்ட குண்டைப்போல் சுமார் ஆயிரம் மடங்கு. வெடிக்கச் செய்த நிபுணர்கள் போட்ட கணக்குக்கு இரண்டரை மடங்கு அதிகமாக அது வெடித்தது. பிக்கினியிலிருந்து சுமார் 150 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ரொங்கலாப் என்ற தீவில் வெள்ளை வெளேரென்று சாம்பல் பொழிந்தது. இன்னதென்று அறியாத குழந்தைகள் அதில் விளையாடின. சுமார் இரண்டு நாள் சென்ற பிறகே அந்தத் தீவு ஜனங்கள் அங்கிருந்து ஏற்றிக்கொண்டு போகப்பட்டார்கள். அதற்குள் அவர்களுக்கு வாந்தியும், தோலில் புண்ணும், மயிர் உதிர்தலும் ஆரம்பித்துவிட்டன.

அதே சாம்பல், அபாய எல்லை என்று அமெரிக்கா அறிவித்திருந்த இடத்துக்கு வெளியே மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின் மேலும் விழுந்தது. அந்தப் படகின் பெயருக்கு "அதிருஷ்ட நாகம்" என்பது போல அர்த்தமாம். பெயரில் இருந்த அதிருஷ்டம் அதிலிருந்த 23 பேரில் ஒருவரையும் காப்பாற்றவில்லை. அனைவரும் வியாதியாய்க் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். படகின் வானொலிக்காரர் அதே வருஷம் செப்டம்பர் 23-ந் தேதி இறந்துபோனார்.

படகு கொண்டுவந்த மீன் சந்தைக்குப் போய்விட்டது. விஷயம் வெளிவந்ததும் அதிகாரிகள் கருவிகளை எடுத்துக்கொண்டு மீன் சந்தைகளுக்கு ஓடினார்கள். கதிர்வீச்சு ஏறிய சூரை மீன்களைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். அந்த ஒரு படகோடு அது நிற்கவுமில்லை. நூற்றுக்கணக்கான படகுகள் கொண்டுவந்த மீன்களில் விஷம் கண்டது. நமக்குச் சோறு போல ஜப்பானியர்களுக்கு மீன் என்பதை வாசகர்கள் நினைத்துக்கொள்ளவேண்டும். நம் ஊரில் திடீரென்று ஒருநாள் அரிசியில் விஷம் இருக்கிறது என்று சொன்னால் என்ன ஆகும்? மீன் வாங்க ஆளில்லை. மீன் கடைக்காரர்களின் வீட்டில் உலை வைக்க வழியில்லை. என்ன சமைத்துக் குழந்தைகளுக்குப் போடுவது என்று தாய்மார்களுக்குத் தெரியவில்லை.

டோக்கியோ நகரத்தில் சுகினாமி என்று ஒரு வட்டம். அங்குள்ள மீன் கடைக்காரர்கள், "எங்கள் பிழைப்பு போயிற்று, இந்தக் குண்டு பரீட்சைகளை நிறுத்தவேண்டும்" என்று கையெழுத்து வாங்க ஆரம்பித்தார்கள். அந்த வட்டத்துப் பொதுமண்டபத்தில் பெண்கள் கூடிப் புத்தகம் படித்து விவாதித்து வந்த ஒரு சங்கம் இருந்தது. யசுயி காவோரு என்ற சட்டப் பேராசிரியர் அதை நடத்தி வந்தார். அந்தப் பெண்கள் இந்தக் காரியத்தைக் கையில் எடுத்தார்கள். 1954 மே மாதத்தில் முறையாக ஒரு கமிட்டி ஏற்படுத்தி வீடு வீடாகப் போனார்கள். எந்தக் கட்சியையும் அவர்கள் திட்டவில்லை, எந்தத் தேசத்தையும் தூஷிக்கவில்லை. "ஹைட்ரஜன் குண்டு கூடாது, மனிதனுடைய உயிரையும் வாழ்வையும் காப்பாற்றவேண்டும்" என்ற ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். ஆதலால் பழமைவாதியும் கையெழுத்துப் போட்டான், பொதுவுடைமைக்காரனும் போட்டான். இரண்டு மாதம் ஆவதற்குள் அந்த ஒரு வட்டத்தில் மட்டும் இரண்டரை லட்சத்துக்கு மேல் கையெழுத்து ஆயிற்று. அங்கிருந்து அது நாடு முழுவதும் பரவி, 1955 ஆகஸ்டில் ஹிரோஷிமாவில் உலக மகாநாடு கூடியபோது 3 கோடிக்கு மேல் ஆகிவிட்டது. அன்றைய ஜப்பானில் மொத்த ஜனத்தொகையே சுமார் 9 கோடிதான். அதாவது, கைக்குழந்தை உள்பட மூன்றில் ஒருவர் கையெழுத்துப் போட்டார்கள் என்று அர்த்தம்.

இதனால் என்ன பலன் என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லுகிறோம். 1945-ல் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் குண்டடி பட்டுப் பிழைத்தவர்கள், 1952 வரை நடந்த அந்நியப் படையின் ஆட்சியில் தங்கள் கஷ்டத்தைப் பத்திரிகையில் தாராளமாய் எழுதக்கூட முடியாமல் இருந்தார்கள். அதற்குப் பின்னும் அவர்களைக் கவனிப்பார் இல்லை. கையெழுத்துக்காகத் தெருத்தெருவாய்ப் பேச்சு நடந்த பிறகுதான், "இவர்கள் யார்? இவர்களுக்கு வைத்தியம் உண்டா?" என்று நாடு கேட்க ஆரம்பித்தது. 1956-ல் அவர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் கண்டார்கள். 1957-ல் அவர்களுடைய வைத்தியத்துக்காக ஒரு சட்டம் வந்தது. கடுதாசி மந்திரியின் மேஜைக்குப் போய்ச் சேரும் முன்பே, அது கடந்து சென்ற ஒவ்வொரு வீட்டு வாசற்படியிலும் வேலை செய்துவிட்டது என்பதை நம் தோழர்கள் கவனிக்கவேண்டும்.

இனி, அதே குண்டைப் பற்றி எழுந்த மற்றொரு மகஜரையும் சொல்லாமல் விட்டால் நாம் பாதி உண்மையைச் சொன்னவர்களாவோம். சாம்பல் தலைமேல் விழுந்த மார்ஷல் தீவு ஜனங்களே 1954 ஏப்ரல் 20-ந் தேதியிட்டு ஐக்கிய நாடுகள் சபைக்கு ஒரு மகஜர் அனுப்பினார்கள். "இந்தப் பரீட்சைகளை உடனே நிறுத்துங்கள், முடியாதென்றால் எங்கள் பாதுகாப்புக்கு வழி செய்து, போன நிலத்துக்கும் உடைமைக்கும் ஈடு கொடுங்கள்" என்பது அதன் சாரம். அந்தத் தீவுகள் அமெரிக்காவின் கையில் "தர்மகர்த்தா" முறையில் ஒப்படைக்கப்பட்டிருந்தன. நம் நாட்டுக் கோயில் தர்மகர்த்தாக்களைத் தெரிந்தவர்களுக்கு அதன் யோக்கியதையை விளக்க வேண்டியதில்லை. மகஜரை வாங்கிப் பேசினார்கள், அனுதாபம் தெரிவித்தார்கள், பரீட்சைகள் மாத்திரம் நிற்கவில்லை. 1946 முதல் 1958 வரையில் அந்தத் தீவுகளில் 67 குண்டுகள் வெடிக்கப்பட்டன.

அந்த மகஜரில் பொய் உண்டா? இல்லை. ஜப்பானியர்களின் மகஜரைவிட நியாயம் குறைவா? அதுவும் இல்லை, அதிகமே. பின் ஏன் தள்ளுபடி ஆயிற்று? அந்த ஜனங்கள் மிகச் சிலர். அவர்களுக்கு ஓட்டு இல்லை. அவர்களுடைய கஷ்டத்தைத் தங்கள் கஷ்டமாக எண்ணிக் கூட நின்றவர்கள் அன்று இல்லை. நியாயம் இருந்தால் மட்டும் போதும், அது தானே ஜெயிக்கும் என்று புராணிகர்கள் வேண்டுமானால் சொல்லட்டும். உலக நடப்பு அப்படி இல்லை.

பிறகு இந்தக் கூட நிற்கிறவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்ப்போம். நம் நாட்டிலிருந்து பிரதமர் நேரு 1954 ஏப்ரல் 2-ந் தேதி பார்லிமெண்டில், இப்பரீட்சைகளை உடனடியாக நிறுத்தி வைக்க ஒரு ஒப்பந்தம் வேண்டும் என்று சொன்னார். குண்டு வெடித்த அமெரிக்காவிலேயே விஞ்ஞானிகள் கிளம்பினார்கள். 1957-ல் லினஸ் பாலிங் என்ற ரசாயனப் பேராசிரியர், செயிண்ட் லூயிஸ் என்ற ஊரில் சில சகாக்களோடு சேர்ந்து ஒரு மகஜர் எழுதினார். 1958 ஜனவரியில் அதை அவர் ஐக்கிய நாடுகள் சபையின் காரியதரிசியிடம் கொடுத்தபோது 9,000-த்துக்கு மேற்பட்ட விஞ்ஞானிகள் கையெழுத்திட்டிருந்தார்கள். முடிவில் அது 49 நாடுகளைச் சேர்ந்த 11,021 பேராயிற்று.

3 கோடி எங்கே, 11,000 எங்கே என்று எண்ணவேண்டாம். "பயப்பட ஒன்றுமில்லை" என்று சர்க்கார் நிபுணர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், "நாங்களும் நிபுணர்கள்தான், பயப்பட இருக்கிறது" என்று பெயர் போட்டுச் சொன்னதால்தான் அந்தக் கையெழுத்துகளுக்குக் கனம் ஏற்பட்டது.

அதற்குச் சாட்சியமும் தேடினார்கள். குண்டு வெடித்தால் ஸ்ட்ரான்ஷியம் 90 என்ற ஒரு விஷப்பொருள் ஆகாயத்தில் ஏறிப் பின் மழையோடு இறங்குகிறது. புல்லில் விழுகிறது, புல்லைப் பசு தின்கிறது, பாலில் வருகிறது, பாலைக் குழந்தை குடிக்கிறது. அது சுண்ணாம்புச் சத்தைப் போன்ற குணமுடையதாதலால் உடம்பு ஏமாந்துபோய் அதை எலும்பிலும் பல்லிலும் கொண்டுபோய் வைத்துக்கொள்ளுகிறது. இதை எப்படி நிரூபிப்பது? உயிரோடிருக்கும் குழந்தையின் எலும்பை வெட்டிப் பார்க்க முடியுமா? அதே செயிண்ட் லூயிஸ் ஊரில் விஞ்ஞானிகளும் வைத்தியர்களும் தாய்மார்களும் சேர்ந்து 1958-ல் ஒரு ஏற்பாடு செய்தார்கள். தானாக விழுகிற பால்பற்களைச் சேகரிப்பதுதான் அது. நம் ஊர்க் குழந்தைகள் விழுந்த பல்லைக் கூரைமேல் எறிந்துவிட்டு நல்ல பல் முளைக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கின்றன. அவ்வூர்க் குழந்தைகள் எந்த வருஷம், எங்கே பிறந்தது என்ற விவரத்தோடு பல்லைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பின. மொத்தத்தில் 3 லட்சத்துக்கு மேல் பற்கள் சேர்ந்தன. 1961-ல் முதல் முடிவு வெளிவந்தது. குண்டு பரீட்சைகள் ஏற ஏறப் பல்லிலுள்ள விஷமும் ஏறியிருந்தது. "எங்கள் குழந்தைக்கு ஆபத்து" என்று ஒரு தாய் சொன்னால் அழுகை என்று தள்ளிவிடலாம். குழந்தையின் பல்லே சாட்சி சொன்னால் எப்படித் தள்ளுவது?

விஞ்ஞானிகளின் மகஜரை ஆளுகிறவர்கள் சும்மா விட்டார்களா? 1960-ல் அமெரிக்கச் செனட் சபையின் ஒரு விசாரணைக் கமிட்டி பாலிங்கைக் கூப்பிட்டு, "உமக்குக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தவர்கள் யார் யார்? பெயர்களைச் சொல்லும்" என்று கேட்டது. கையெழுத்திட்டவர்களின் பெயர்கள்தான் முன்பே ஐக்கிய நாடுகள் சபையிடம் கொடுக்கப்பட்டிருந்தனவே! அலைந்து திரிந்து வாங்கிக் கொடுத்த இளைஞர்களின் பெயர்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. சொன்னால் அந்த இளைஞர்களின் உத்தியோகமும் பிழைப்பும் என்னவாகும் என்று அவருக்குத் தெரியும். சொல்ல மறுத்தால் தமக்குச் சிறைவாசம் வரலாம் என்பதும் தெரியும். அவர் மறுத்துவிட்டார். கடைசி வரையில் சொல்லவில்லை. மகஜரின் முதல் கையெழுத்துக்காரனுக்கு இருக்கவேண்டிய யோக்கியதை இதுதான். நம் ஊர்களிலோ முதல் கையெழுத்துக்காரர், கலெக்டரோடு படம் எடுத்துக்கொள்ளுகிற வரையில் முன்னால் நிற்பார். போலீஸ்காரர் விசாரிக்க வந்தால், "பசங்கள் ஏதோ நீட்டினார்கள், போட்டேன்" என்பார்.

முடிவாக 1963 ஆகஸ்டு 5-ந் தேதி அமெரிக்கா, ருஷியா, பிரிட்டன் ஆகிய மூன்று சர்க்கார்களும் ஆகாயத்திலும், அண்டவெளியிலும், தண்ணீருக்கடியிலும் குண்டு பரீட்சை செய்வதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டன. இது முழுவதும் மகஜரால்தான் நடந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. அதற்கு முந்திய வருஷம் கியூபா விஷயத்தில் இரண்டு வல்லரசுகளும் யுத்தத்தின் விளிம்புக்கே போய்த் திரும்பிய பயமும் அதற்கு ஒரு காரணம். கிடைத்ததும் முழு வெற்றி அல்ல. பிரான்சும் சைனாவும் அதில் சேராமல், பிரான்சு 1974 வரையிலும், சைனா 1980 வரையிலும் ஆகாயத்திலேயே வெடித்தன. மற்றவர்கள் பூமிக்கடியில் வெடித்தார்கள். நம் நாடும் 1974-லும் 1998-லும் அப்படியே செய்தது. எல்லாப் பரீட்சைகளையும் தடுக்க 1996-ல் எழுதிய ஒப்பந்தம் இன்னும் அமுலுக்கு வரவில்லை. இந்தியா அதில் கையெழுத்திடவும் இல்லை. ஆனாலும் 1963-க்குப் பிறகு குழந்தைகளின் பாலில் விழுந்துகொண்டிருந்த விஷம் குறைந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது. மகஜரால் மோட்சம் வந்துவிடும் என்றால் அது புரட்டு. மகஜரால் ஒன்றுமே வராது என்றால் அதுவும் புரட்டு.

நிற்க, கையெழுத்தின் எண்ணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் 1838-ல் தொழிலாளிகள் ஒரு சாசனம் வகுத்து, வயது வந்த ஆண்களுக்கெல்லாம் ஓட்டு, ரகசிய ஓட்டு முறை, பார்லிமெண்ட் மெம்பர்களுக்குச் சம்பளம் முதலான ஆறு கோரிக்கைகளை வைத்துக் கிளர்ச்சி செய்தார்கள். 1839-ல் 12 லட்சத்துக்கு மேலும், 1842-ல் 33 லட்சத்துக்கு மேலும் கையெழுத்து வாங்கிக் கொண்டுபோனார்கள். இரண்டு முறையும் பார்லிமெண்ட் தள்ளிவிட்டது. 1848-ல் மூன்றாம் முறையாக ஒரு மகஜர் கொண்டுபோய், இதில் 57 லட்சம் கையெழுத்து இருக்கிறதென்றார்கள். குமாஸ்தாக்கள் எண்ணிப் பார்த்து 19,75,496 தான் இருக்கிறதென்றார்கள். அன்றியும் விக்டோரியா ராணியின் பெயரும், வெல்லிங்டன் பிரபுவின் பெயரும், கேலிப் பெயர்களும் அதில் இருப்பதாகப் படித்துக் காட்டினார்கள். சபையில் ஒரே சிரிப்பு. குமாஸ்தாக்களின் கணக்கு சரியா என்பதிலும் தகராறு உண்டு. ஆனால், ஏறக்குறைய 20 லட்சம் தொழிலாளிகளின் மெய்யான கையெழுத்தை அந்தச் சிரிப்பு மூடிவிட்டது. அந்த ஆறு கோரிக்கைகளில், வருஷாவருஷம் தேர்தல் என்பது நீங்கலாக மற்ற ஐந்தும் பின்னால் சட்டமாகிவிட்டன. ரகசிய ஓட்டு 1872-ல் வந்தது, மெம்பர்களுக்குச் சம்பளம் 1911-ல் வந்தது, ஆண்களுக்கெல்லாம் ஓட்டு 1918-ல் வந்தது. கேட்டவர்கள் பெரும்பாலோர் செத்துப்போன பிறகுதான் வந்தன.

இங்கிலாந்துக்காரனைக் குறை சொல்லிவிட்டு நாம் யோக்கியர் போல் இருந்துவிட இஷ்டமில்லை. நாமும் இந்தத் தப்பைச் செய்திருக்கிறோம். சுமார் இருபது வருஷத்துக்கு முன் எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு தோல் பதனிடும் சாலையின் கழிவு நீர் ஓடையில் கலந்து, கிணறுகள் கெட்டுப்போயின. தண்ணீர் தவிட்டு நிறமாக மாறிற்று. அந்தத் தண்ணீரில் குளித்த பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. வாலிப வேகத்தில் நாங்கள் நாலைந்து பேர் மகஜர் எழுதினோம். வீடு வீடாய்ப் போய் விளக்கச் சோம்பல்பட்டுக்கொண்டு, ஓட்டர் பட்டியலை வைத்துக்கொண்டு இரண்டு இரவில் 600 கையெழுத்தை நாங்களே போட்டோம். பெருவிரல் ரேகைகளையும் எங்கள் விரல்களாலேயே உருட்டினோம். நல்ல காரியத்துக்குத்தானே என்ற தைரியம். அதிகாரி பட்டியலைக் கிராம உத்தியோகஸ்தரிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னார். முதல் பக்கத்திலேயே செத்துப்போனவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். "உங்கள் ஊரில் தண்ணீர் கெட்டதா? செத்தவனெல்லாம் எழுந்து வந்து கையெழுத்துப் போடுகிறானே, தண்ணீர் அமிர்தம்தானே!" என்று அதிகாரி சொன்னார். எங்களுக்குத் தலை நிமிரவில்லை.

தண்ணீர் கெட்டது முழுக்க முழுக்க மெய். மகஜர் பொய்யானதால் அந்த மெய்யும் பொய்யாகிவிட்டது. அதற்குப் பிறகு யார் போய்ச் சொன்னாலும் "அந்த ஊர்க்காரனா?" என்ற பேச்சுத்தான். பின்னர் நாலு வருஷம் சென்று, தண்ணீரைச் சீசாவில் எடுத்துப் பரிசோதிக்கச் செய்து, அந்த முடிவையும் சேர்த்து, 143 பேர் தாங்களே போட்ட கையெழுத்தோடு வேறொரு மகஜர் கொடுத்தோம். மேல் தெருவைவிடச் சேரிக் கிணறுதான் அதிகம் கெட்டிருந்ததென்பது அந்தப் பரிசோதனையில்தான் வெளிவந்தது. முதல் மகஜரில் சேரி மக்களின் பெயர்களையும் நாங்களே எழுதினோமே தவிர, அங்கே போய் ஒருவரையாவது கேட்கவில்லை. இரண்டாவதன் மேல் குழாய்த் தண்ணீர் வந்தது. கிணறுகள் இன்னும் திரும்பவில்லை. நடுவில் போன அந்த நாலு வருஷத்தில் அந்தத் தண்ணீரைக் குடித்த குழந்தைகளுக்கு நாங்கள் என்ன பதில் சொல்லமுடியும்? தோல் சாலைக்காரனின் குற்றத்தில் எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை இங்கே ஒப்புக்கொள்ளுகிறோம்.

ஆகவே, மகஜர் எழுதப்போகும் தோழர்களுக்கு நாம் சொல்லக்கூடியது சிலவே. முதலாவது, கையெழுத்து வாங்குமுன் அதை எல்லோருக்கும் புரியும் தமிழில் உரக்கப் படித்துக் காட்டுங்கள். படித்துக் காட்டாமல் வாங்கின நூறு கையெழுத்தைவிட, கேட்டுத் தர்க்கம் செய்து பிறகு போட்ட பத்துக் கையெழுத்து மேலானது. இரண்டாவது, கெஞ்சாதீர்கள், திட்டவும் செய்யாதீர்கள். எந்த இடம், எந்தத் தேதி, என்ன நஷ்டம், எந்த அதிகாரி, என்ன செய்யவேண்டும் என்பதை மட்டும் எழுதுங்கள். மூன்றாவது, தண்ணீரோ, காற்றோ, வியாதியோ எதுவானாலும் பரிசோதித்த சாட்சியத்தைச் சேருங்கள். நான்காவது, பெண்களையும் சேரி மக்களையும் கடைசியில் கையெழுத்துக்கு மாத்திரம் கூப்பிடாமல், எழுத உட்காரும்போதே கூப்பிடுங்கள். தண்ணீர் சுமக்கிறவர்களுக்குத் தெரிந்தது திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது. ஐந்தாவது, கொடுத்ததற்கு ரசீதும் நகலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால், 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டப்படி, "எங்கள் மனு யார் மேஜையில் இருக்கிறது? அதன்மேல் என்ன உத்தரவு?" என்று கேளுங்கள். 30 நாளைக்குள் பதில் சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள். இவ்வளவுக்கும் மேலாக, மறு திங்கட்கிழமையும் போங்கள், அதற்கு மறு திங்களும் போங்கள், தனியாகப் போகாதீர்கள். பையில் மண்ணெண்ணெய் வைக்கத் துணிகிறவன் பெரும்பாலும் தனியாகப் போகிறவன்தான். அவனை அந்த வரிசையில் தனியாக நிற்கவிட்டது அதிகாரியின் குற்றம் மாத்திரமல்ல, கூடப் போகாத ஊராரின் குற்றமுமாகும்.

ஜப்பானில் குண்டடி பட்டவர்கள் 1956-ல் கண்ட சங்கத்தைப் பற்றி முன்னே சொன்னோம். அவர்களில் மிஞ்சியவர்கள் 2016-ல், எண்பது வயதைத் தொட்ட கிழவர் கிழவிகளாய் இருந்தும், மறுபடியும் தெருவில் நின்று கையெழுத்து வாங்கினார்கள். 2020-க்குள் ஒரு கோடியே 37 லட்சம் சேர்த்தார்கள். 2024-ல் அந்தச் சங்கத்துக்குச் சமாதானத்துக்கான நோபல் பரிசு கொடுக்கப்பட்டது. பரிசு பெரிதல்ல. உலகத்தில் அணுகுண்டுகள் ஆயிரக்கணக்கில் இன்னும் இருக்கத்தான் இருக்கின்றன. எழுபது வருஷமாக ஒரே கோரிக்கையை, பொய் கலவாமல், கெஞ்சாமல், ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்க மனிதர்களால் முடியும் என்பதே நாம் கவனிக்க வேண்டியதாகும்.

அடுத்த திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்குப் புறப்படும் தோழர்கள், தங்கள் கடுதாசியை ஒருமுறை விரித்துப் பார்த்து, "இதில் உள்ள ஒவ்வொரு வார்த்தையும் மெய்தானா? இதில் உள்ள ஒவ்வொரு பெயரும் தானே வந்து போட்டதுதானா? யாராவது கேட்டால் இதற்கு நான் பொறுப்பு என்று சொல்வேனா?" என்று தங்களையே கேட்டுக்கொண்டு புறப்படவேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம்.